கூடையின் அடியில் நான்கு பாகற்காய்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கொல்லைகள் தொடங்குகிற இடத்தில், ஒன்றுபோல நான்கு ஓட்டு வீடுகள் இருந்தன. மூன்றாவது எங்களுடையது. எங்களுடையது என்றால் வாடகைக்குத்தான். அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அம்மா இண்டூரில் கிணற்றுப் பாசனம் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். ஆபீஸ் மாப்பிள்ளை கிடைத்துவிட்டார் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் பூரித்துப்போயிருந்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வியாம்: "வூட்டுக்குப் பின்னால மண்ணு இருக்குதா?"

இருந்தது. என் சின்னக் காலால் அளந்தால் நீளம் இருபது அடி, அகலம் பதினைந்து. கத்தரி, வெண்டை, மிளகாய், தண்டுக்கீரை என்று அம்மா முதலில் தரையை நிரப்பினாள். தரை தீர்ந்ததும் மேலே போனாள். மூங்கில் நட்டு, காய்ந்த முள்கிளைகளைப் பரப்பி ஒரு பந்தல். அதில் புடலை, பீர்க்கு, அவரை, ஓரமாகப் பாகல். சமையல்கட்டுக் கூரை மேல் சுரை. அப்பாவின் சைக்கிள் டயர் கிடைக்காமல் கொஞ்ச நாள் சுவரில் சாத்தியிருந்தது; அதன் மேலும் ஓர் அவரைக்கொடி ஏறிவிட்டது. டயர் கிடைத்த பிறகும், கொடி காய்த்து ஓய்கிற வரைக்கும் அப்பா ஆபீசுக்கு நடந்துதான் போனார்.

தண்ணீர்தான் பெரும்பாடு. நான்கு வீட்டுக்கும் ஒரே கிணறு. பங்குனி பிறந்தால் வாளி பாறையில் இடிக்கிற சத்தம் கேட்கும். செடிக்கென்று யாரும் இறைக்கக் கூடாது என்பது நான்கு வீட்டுக்கும் பொதுவான பேச்சு. ஆகவே அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் செடிக்கு. அதோடு விட்டாளா? குளிக்கிற கல்லையே அம்மா இடம் மாற்றுவாள். திங்கட்கிழமை கத்தரி ஓரம், செவ்வாய்க்கிழமை பீர்க்கு ஓரம். எந்தச் செடி வாடி நிற்கிறதோ அதன் பக்கத்தில் எங்களை உட்காரவைத்துத் தலையில் ஊற்றுவாள். நாளுக்கு ஒரு செடிக்குப் பக்கத்தில் குளித்து வளர்ந்தவள் நான்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்களுக்கு நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அவள் எனக்குப் பாதி அம்மா. அம்மாவுக்குச் செடிகளைக் கவனிக்கவே பொழுது சரியாக இருக்கும். எனக்குத் தலை வாரியது, பேன் பார்த்தது, ஸ்லேட்டில் எழுத்துப் போட்டுக் கொடுத்தது எல்லாம் அக்காதான். புடலைப் பிஞ்சு சுருளாமல் நேராக இறங்க வேண்டுமென்றால் அதன் நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிட வேண்டும். கல் பொறுக்குவது என் வேலை, கட்டுவது அக்காவின் வேலை. அவள் கட்டிய கல் எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்குப் பாகற்காய் என்றால் உயிர். அம்மா மெல்லிசாக வட்டம் வட்டமாக அரிந்து, உப்புப் பிசறி, வெயிலில் கொஞ்சம் காட்டி, இரும்புச் சட்டியில் முறுகலாக வறுப்பாள். சோறு வருவதற்கு முன்பே அக்காவின் பங்கு காலியாகிவிடும். அப்புறம் அம்மாவின் தட்டில் கைவைப்பாள். "உன் தட்டுல இருக்கறதுதாம்மா ருசி" என்பாள். அம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டிவிட்டுத் தட்டை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தியும் வைப்பாள். எனக்குப் பாகற்காய் அப்போது வாயில் வைக்க ஆகாது. இவ்வளவு கசப்புக்கா இந்தச் சண்டை என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பென்னாகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கடலைக் காடு, ஆடுமாடு, ஆள் நடமாட்டம் உள்ள குடும்பம். மாமா நல்லவர். தன் தாயின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத நல்லவர். அவருக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் அவருடைய அம்மா வைத்ததுதான் சட்டம்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா வந்தாள். அந்த ஒரு மாதம் நான் அவள் முந்தானையை விடவில்லை. பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து கல் கட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "அங்க பாவக்காயே கிடையாதுடி. எதைப் போட்டாலும் ஆடு மேஞ்சுடுது." அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆவணியில் மாமா அழைத்துப்போக வந்தார். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து ஒரு மூங்கில் கூடையை நிரப்பத் தொடங்கிவிட்டாள். சம்பந்தி வீட்டுக்கு அவள் கையால் போகிற முதல் வரிசை. பலகாரம் கடையில் வாங்கலாம், துணி கடையில் வாங்கலாம். இந்தக் காய் அவளே தண்ணீர் திருடித் திருடி வளர்த்தது. கத்தரிக்காயைக் காம்பு ஒன்றுபோல் இருக்கும்படி அடுக்கினாள். புடலங்காய் வளையாமல் இருக்க வாழைமட்டையில் கிடத்திக் கட்டினாள். நான் சுற்றிச் சுற்றி வந்து கேட்டேன்.

"பாவக்காய் வெக்கலியாம்மா?"

"அதைத் தொடாத. ஆகாது."

"ஏம்மா?"

"ஆகாதுன்னா ஆகாது. போயி அக்காளுக்கு வெந்நீர் வெளாவு."

காரணத்தைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குழந்தைகளிடம் 'ஆகாது' என்பதோடு நிறுத்திக்கொள்வது அந்தக் காலத்துப் பெரியவர்களின் சுபாவம். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைப்பார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அம்மா கஞ்சத்தனம் பண்ணுகிறாள், அக்காவுக்குப் பிடித்ததை நமக்கென்று பிடித்து வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது. அம்மா உள்ளே போன நேரம் பார்த்துப் பந்தல் ஓரத்தில் நான்கு பாகற்காய் பறித்தேன். உள்ளதிலேயே பெரியதாகப் பார்த்துப் பறித்தேன். ஒன்று நுனியில் வெளுத்துக்கூட இருந்தது. பெரிசுதானே என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். கத்தரிக்காயை விலக்கி, கூடையின் அடியில் வைத்து, மறுபடி அதே மாதிரி அடுக்கி மூடினேன்.

பஸ் கிளம்பியபோது அக்கா அழுதாள், அம்மா அழுதாள். நான் அழவில்லை. அங்கே போய்க் கூடையைக் கவிழ்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பஸ் கண்டக்டர் அந்தக் கூடையோடு எங்கள் வாசலில் நின்றார். கத்தரிக்காய் சுருங்கிப்போயிருந்தது. புடலங்காய் மட்டையில் கட்டினபடியே வதங்கிக் கிடந்தது.

"பாவக்காய் குடுத்தனுப்புன வூட்டுக் காயி எங்களுக்கு வேணாம்னு சொல்லச் சொன்னாங்கம்மா" என்றார் கண்டக்டர். "நான் சொல்லலீங்க. அந்தம்மா சொன்னது."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. புதுச் சம்பந்திக்குப் பாகற்காய் கொடுத்தால் உறவு கசந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வந்த விருந்தாளிக்கு இலையில் வைக்கக்கூட மாட்டார்கள். தெரியாமல் வைத்துவிட்டேன் என்று எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. வைத்தால் வேண்டுமென்று வைத்ததாகத்தான் அர்த்தம்.

"பாவக்காயா?" என்றாள் அம்மா. "நான் வெக்கலீங்களே." கண்டக்டர் போன பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். "வெச்சனா? மத்த காயோட கையில வந்துருச்சா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அடிக்குப் பயந்து என்று சொன்னால் அது பொய். அம்மா என்னை அடித்ததே இல்லை. அக்காவின் வாழ்வை நான் கெடுத்துவிட்டேன் என்பது வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்தேன். வெளியே தெரியாதவரைக்கும் அது நடக்காத மாதிரி இருக்கும் என்று ஒன்பது வயதுப் புத்தி சொல்லிற்று.

சாயங்காலம் அப்பா வந்து குதித்தார். "கண்ணை எங்க வெச்சிருந்த? செடியப் பாத்துப் பாத்து மனுசங்கள மறந்துட்டயா?" அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மறதியா வெச்சுட்டனாட்ட இருக்குதுங்க." சொல்லிவிட்டுப் புழக்கடைக்குப் போய்ப் பாகல் கொடியை வேரோடு பிடுங்கினாள். விதைக்கென்று ஓட்டின் மேல் காயவைத்திருந்ததையும் எடுத்து ரோட்டுக்கு அப்பால் வீசினாள்.

அந்தத் தீபாவளி அக்காவுக்குத் தலைத் தீபாவளி. மகளும் மருமகனும் தாய்வீட்டுக்கு வந்தாக வேண்டிய நாள். எவ்வளவு மனஸ்தாபம் இருந்தாலும் அன்றைக்கு வராமல் இருக்க மாட்டார்கள் என்று அம்மா நம்பினாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து பந்தலில் ஒரு புடலங்காயையும் பீர்க்கங்காயையும் எங்களைத் தொட விடவில்லை. "அக்கா வரட்டும்" என்பாள். யுத்தகாலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது இருமும். அந்த இருமல் கேட்டதும் நான் ரோட்டுக்கு ஓடுவேன். தீபாவளிக்கு முதல் நாள் மூன்று பஸ் வந்தது. மூன்றிலும் அவள் இல்லை.

அதற்கப்புறமும் அம்மா காயைப் பறிக்கவில்லை. புடலை பழுத்துச் சிவந்து வெடித்தது. பீர்க்கங்காய் முற்றி, காய்ந்து, கூடு கூடாய் நாராகித் தொங்கிற்று. நான்கு வீட்டுக்காரர்களும் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பீர்க்கநாரால்தான் முதுகு தேய்த்துக் குளித்தார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர், "உங்களால எங்க வூட்டுல எல்லாரும் செவந்துட்டோமுங்க" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். உள்ளே வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு அப்பா சீர் எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பிடச் சொல்லவில்லை. அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "கை மட்டும் தெரிஞ்சுது. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா" என்றார். அம்மா அந்தக் கையை விடவில்லை.

"வளையல் லூசா இருந்துதா?"

"நான் என்ன வளையலையா பாத்தேன்."

"இளைச்சிருந்துதாங்க?"

"கையப் பாத்தா எப்படித் தெரியும்?"

"தெரியும். நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை. அப்பாவுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஆபீசில் காட்ட முடியாததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அந்த ரோஷத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

அந்த வருஷங்களில்தான் எங்கள் ஊர்ச் சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த ரயில் பென்னாகரம் பக்கமே போகாது. இருந்தாலும் அதைக் கேள்விப்பட்ட அன்று அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் கட்டிய கற்கள் தினமும் விழுந்துகொண்டிருந்தன. அந்த வருஷத்துப் புடலங்காய் ஒன்றுகூட நேராக இல்லை. தலை வாரிக்கொள்ள அம்மாவிடம் போனால் வகிடு கோணலாய் எடுத்து, மண் கையாலேயே பின்னி அனுப்புவாள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பின்னலை முகர்ந்து பார்ப்பேன். அக்கா பின்னினால் தேங்காய் எண்ணெய் வாசனை வரும். அதற்காக எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் புதிதாக ஒட்டிக்கொண்டது. யாருக்குக் காய் கொடுத்தாலும் சரி, இண்டூருக்கு அனுப்பினாலும் சரி, கூடையை அடுக்கி முடித்தபின் முழுவதையும் தரையில் கொட்டுவாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மறுபடி அடுக்குவாள். அப்புறம் இன்னொரு தடவை கொட்டுவாள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருஷம் அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அப்பா தன் ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு, அழைத்துவர அனுமதி கேட்டுக் கடிதம் போட்டார். 'இங்கேயே பார்த்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது. மாசி மாதக் கடைசியில் ஒரு தபால் கார்டு: ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. கூப்புடாத வூட்டுக்கு எவன் போவான்?"

அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் கூடையை எடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஆகிற காயாகப் பார்த்துப் பறித்தாள்: பிஞ்சுக் கத்தரி, இளம் பீர்க்கு, ஒரு கட்டு முருங்கைக்கீரை. பூண்டும் சுக்கும் ஒரு துணியில் கட்டினாள். இரண்டு தடவை கொட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் கொட்டினாள். தானே ரோட்டுக்கு வந்து நின்று கண்டக்டரிடம் கொடுத்தாள். திரும்பி வந்தால் இரண்டு நாளில் வந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரண்டு நாளில் வரவில்லை. ஆறாம் நாள் வந்தது. காலிக் கூடையாக வந்தது.

"காயெல்லாம் எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றார் கண்டக்டர். அவருக்கே முகமெல்லாம் பல்.

காலிக் கூடைதான். ஆனாலும் பழக்கம் விடுமா? அம்மா அதையும் தரையில் கவிழ்த்துத் தட்டினாள். பின்னலின் இடுக்கில் செருகியிருந்த ஒரு சின்னத் துணி முடிச்சு விழுந்தது. வெள்ளைப் புள்ளி போட்ட பச்சைத் துணி. அக்காவின் பழைய பாவாடை. அவிழ்த்துப் பார்த்தால் ஏழு விதைகள். தட்டையாக, ஓரத்தில் பல்லுப் பல்லாய், பழுப்பு நிறத்தில் பாகல் விதைகள். அம்மா அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம வெதையாட்டவே இருக்குது. இவளுக்கு ஏது?" என்றாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. முற்றி நுனி வெளுத்திருந்த அந்த ஒரு காய் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அப்போதும் நான் சொல்லவில்லை.

அம்மா அந்த ஏழையும் பந்தலின் பழைய மூலையிலேயே ஊன்றினாள். ஐந்து முளைத்தது. கிணற்றில் வாளி பாறையை இடித்துக்கொண்டிருந்த சித்திரை மாதம். அந்தக் கோடை முழுக்கக் குளிக்கிற கல் அந்த மூலையைவிட்டு நகரவே இல்லை. கத்தரி வாடியது, மிளகாய் கருகியது; நாங்கள் மூன்று பேரும் பாகலுக்குப் பக்கத்திலேயே குளித்தோம். அப்பாகூட ஏனென்று கேட்கவில்லை.

ஆடி மாதம், கொடி காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா வந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைச்சல். மாமா கொண்டுவந்து விட்டுவிட்டு, நாலாம் நாள் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிப் போனார். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்று எத்தனையோ தடவை நினைத்துவைத்திருந்தேன். கால் எழவில்லை. அவள்தான் வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். "யாருடி இந்தக் கோணல் வகிடு எடுத்தது?" என்றாள்.

அம்மா அந்த நான்கு நாளும் தரையில் நிற்கவில்லை. பாய் விரித்தாள், தலையணை போட்டாள். எங்களுக்கெல்லாம் தட்டு, அக்காவுக்கு வாழை இலை. தண்ணீர் சேந்தப் போனால் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். சாப்பிட்ட இலையை எடுக்க விடவில்லை. அக்கா பந்தலடிக்குப் போய்ப் புடலைக்குக் கல் கட்டத் தொடங்கினால், "நீ எதுக்குச் சாமி, அவ கட்டுவா, நீ உக்காரு" என்றாள். அக்கா நூலை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தாள். கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டாள்: "பாவக்காய் வறுக்கலியாம்மா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் கண்ணு. கட்டிக் குடுத்த பொண்ணு. ஒருதரம் பட்டது போதும்."

"வந்த சனத்துக்குத்தானம்மா அது ஆகாது. நான் என்ன விருந்தாளியா?"

சுவரோரம் மறுநாளைக்கென்று நறுக்கித் துடைத்து வைத்திருந்த வாழை இலையை மூன்று பேரும் பார்த்தோம்.

மறுநாள் மத்தியானம் மாமா வருவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தோம். வீடு முழுக்கப் பாகற்காய் முறுகுகிற வாசனை. அம்மா அப்பாவின் தட்டில் வைத்தாள், என் தட்டில் வைத்தாள், தன் தட்டில் வைத்துக்கொண்டாள். இலையில் வைக்கவில்லை. இலையில் மற்ற எல்லாம் இருந்தது. அக்கா இலையைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் வந்து, அவள் தட்டில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையைத் தட்டவில்லை. தட்டை முழுசாக அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் தின்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அன்று என் பங்கைத் தின்றேன். கசப்புத்தான். ஆனால் ஒரு வில்லை மிச்சம் வைக்கவில்லை.

பஸ்ஸுக்கு நானும் கூடப் போனேன். மாமா குழந்தையை வைத்துக்கொண்டு புளியமரத்து நிழலில் நின்றார். கரி பஸ் தூரத்தில் இருமிற்று. இனி நேரமில்லை என்று ஆனதும் எனக்கு வாய் திறந்தது.

"அக்கா, அன்னிக்குப் பாவக்காய் வெச்சது நாந்தான்."

அவள் சிரித்தாள். "அன்னிக்கே தெரியுண்டி."

"எப்பிடி?"

"அம்மா முத்துன காயைப் பறிப்பாங்களா?"

தான் வைத்ததாகத்தான் அவள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை. "உன்னைச் சொல்லியிருந்தா, அம்மாதான் சின்னப் பொண்ணு கையில குடுத்து வெக்கச் சொன்னாங்கன்னு பேசியிருப்பாங்க. என்னைச் சொன்னா என்னோட போச்சுல்ல?" என்றாள். மூத்த மருமகள் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லையாம், அந்த வீட்டில். இவளும் அப்படிப் போய்விடுவாளோ என்ற பயம் மாமியாருக்கு; அதனால்தான் இத்தனை நாள் அனுப்பவில்லை. அந்த அம்மாள் தூக்கி எறிந்த காய் குப்பைமேட்டில் பழுத்து வெடித்து முளைத்திருக்கிறது. "அத்தையும் பாத்தாங்க. புடுங்கல. ஆடு மேயாம முள்ளு வெச்சதே அவங்கதான். வெதைய நான் முடிஞ்சப்பவும் பாத்துட்டாங்க. ஒண்ணும் சொல்லாம கூடைய எடுத்துக்கிட்டுப் போயி பஸ்ஸுல குடுத்தாங்க."

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லிடு பாப்பா. நாலு நாளாப் பாக்கறேன், அவங்க கைய அவங்களே பாத்துப் பாத்து நிக்கறாங்க." சொல்லிவிடுகிறேன் என்று தலையை ஆட்டினேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா புழக்கடையில் இருந்தாள். அடுத்த வாரம் அனுப்புவதற்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி அன்றைக்கே கூடையை எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டினாள். அடுக்கினாள். மறுபடி கொட்டினாள். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"நீ வந்து ஒருதரம் பாரு சாமி. என் கைய நான் நம்பறதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டிவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நான் ஒவ்வொரு கத்தரிக்காயாக எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குதும்மா" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, அக்கா ஆடிக்கும் தீபாவளிக்கும் தவறாமல் வந்தாள். வந்தபோதெல்லாம் என்னைப் பார்த்து, சொன்னாயா என்று புருவத்தை உயர்த்துவாள். அம்மா போகிற வரைக்கும் எங்கள் வீட்டிலிருந்து போன கூடை ஒவ்வொன்றையும் கொட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்னவள் நான்தான். இப்போது அக்காவும் இல்லை. பாகற்காயை எனக்குப் பிடிக்கத் தொடங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் வாய் எடுத்து வைப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். மண் ஏறிய அந்த இரண்டு கைகளையும் ஒரே ஒரு தரம் பிடித்துக்கொண்டு, இது வெக்கலம்மா, இந்தக் கை வெக்கல, என்று சொல்ல வேண்டும்.